புதன்கிழமை எரியாத அடுப்பு

அண்ணா அழைத்து நான் போகாமல் இருந்ததில்லை. ஆனால் அன்று அவர் தம்பியை அழைக்கவில்லை, துப்பறிகிறவனை அழைத்தார்.

"உன் ஆபீஸ் ஆளோடயே வா விசு" என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை நாச்சாரத்தில் இருந்த அவருடைய தொழிற்சாலைக்குப் போனேன். என்னோடு சபீனா வந்தாள். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் விஜிலென்ஸ் அதிகாரியாக இருந்து நான் ஓய்வு பெற்றபின், தார்நாகாவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் நடத்தும் துப்பறியும் நிலையத்தில் அவள் ஒருத்திதான் ஊழியர். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவள். பிறகு மாதாபூர் கால் சென்டரில் உட்கார்ந்து பல வருஷம் அமெரிக்கர்களிடம் திட்டு வாங்கியவள். அதனால் யார் என்ன சொன்னாலும் அவளுக்கு உறைக்காது. தான் சொல்வது யாருக்கு உறைக்கும் என்ற கவலையும் கிடையாது.

அண்ணா சுப்பிரமணியம் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் ராக்கெட் எரிகலன்கள் வடிவமைத்தவர். ஓய்வுக்குப் பிறகு அந்த அறிவையெல்லாம் ஒரு விறகடுப்பில் கொட்டினார். வாளி உயரத்தில் கறுப்பு இரும்பு அடுப்பு. மின்விசிறி, பேட்டரி எதுவும் கிடையாது. பாதி விறகில் சோறு வெந்துவிடும். புகை கண்ணில் படாது. காட்டில் மரம் மிஞ்சுகிறது, வானத்துக்குப் போகும் கரி குறைகிறது என்பதால் ஐரோப்பாவில் ஒரு கம்பெனி அந்தக் குறைச்சலை விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தப் பணத்தில்தான் மேதக் பக்கத்துக் கிராமங்களில் ஏழைப் பெண்களுக்கு அடுப்பு ஏறக்குறைய இலவசமாகப் போயிற்று.

அடுப்பு நிஜமாகவே எரிகிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றின் வயிற்றிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிப் இருந்தது. எப்போது சூடு ஏறியது, எப்போது இறங்கியது என்று அது குறித்துக்கொள்ளும். வெளிநாட்டுக்காரர்கள் தொழிற்சாலைக்குக் கொடுத்த மெஷின் மட்டுமே அதைப் படிக்கும். நடுவில் யாரும் கை வைக்க முடியாது.

"மனுஷன் பொய் சொல்லுவான். சூடு பொய் சொல்லாது" என்றார் அண்ணா.

சிக்கல் இதுதான். பஞ்சாரா ஹில்ஸில் உள்ள அந்த ஐரோப்பியக் கம்பெனி ஆபீசுக்கு யாரோ பெயர் சொல்லாமல் போன் செய்து, மேதக்கில் அந்த அடுப்பை எவரும் மூட்டுவதில்லை, கணக்கெல்லாம் பொய் என்று சொல்லியிருந்தார்கள். பேசியது ஆணா பெண்ணா என்றுகூட ஆபீஸ் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை சோதனைக்கு ஆள் வரப்போகிறது. புகார் உண்மை என்றானால் தொழிற்சாலைக்குப் பூட்டுதான். அண்ணாவுக்குப் பூட்டைவிடப் பேச்சுதான் பெரிது. எங்கள் வீட்டில் ஒருவரைப் பார்த்துப் பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை.

"சனத்நகர்ல தகர டப்பாவை அடுப்புன்னு வித்துண்டிருக்கானே, அவன் வேலைதான். நம்ம வீட்டுப் பேரைக் கெடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியணும். பேரைக் கொண்டுவா, போதும்."

அண்ணா மகள் மஹதி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் சிப்களைக் கவனித்துக்கொள்ள வந்தவள். முன்பெல்லாம் சித்தப்பா என்று கூப்பிட்டால் நான்கு கேள்வி சேர்ந்து வரும். அன்று குனிந்த தலை நிமிரவில்லை. திரையில் காலையில் ஒரு மலை, மாலையில் ஒரு மலை என்று கோடுகள் ஏறி இறங்கின. எல்லா அடுப்பும் ஒழுங்காக எரிந்திருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சபீனா நகத்தால் திரையைத் தட்டினாள்.

"புதன்கிழமை ஊர் மொத்தமும் விரதமா சார்?"

உண்மைதான். அந்த வருஷக் கோடையிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதற்கு முன்னால் அப்படி இல்லை.

மன்னியின் தம்பி கிட்டு அங்கே மேனேஜர். மஹதி வாயைத் திறப்பதற்குள் அவன் பதில் சொன்னான். புதன்கிழமை அந்தப் பக்கம் சந்தை நாளாம். எல்லோரும் அங்கேயே சாப்பிட்டுவிடுவார்களாம்.

"எல்லாரும்னா? படுத்த படுக்கையா இருக்கற கிழவியும் சந்தைக்குப் போய் மிர்ச்சி பஜ்ஜி சாப்பிடுறாங்களா?" என்றாள் சபீனா.

கிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

மறுநாள் கிராமத்துக்குப் புறப்பட்டோம். நர்சாபூர் காட்டைத் தாண்டி, ஆட்டுப் புழுக்கை வாசனை அடிக்கும் ஒரு சின்ன ஊர். முதல் வீடு நாகம்மாவுடையது. ஐம்பது வயதிருக்கும். புகை தின்ற கண்கள். வீட்டுக்குள் மூன்று கல் வைத்த பழைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கூரையின் உட்புறம் கரி பிடித்துத் தார் பூசியது போல இருந்தது. அவள் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இருமல் வந்தது.

அண்ணாவின் அடுப்பு எங்கே என்று தெலுங்கில் கேட்டேன். கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். அடுப்பு அங்கே நன்றாகத்தான் இருந்தது. வைக்கோல் பரப்பிய அதன் வாயில் ஒரு கோழி உட்கார்ந்து என்னை முறைத்தது.

"சூடு இருக்குதே சார். சிப் இதைக்கூடக் கணக்குல சேர்த்திருக்கும்" என்றாள் சபீனா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் மூட்டுவதில்லை என்று கேட்டேன். நாகம்மா தயங்கினாள். அடுப்புக் கம்பெனிக்காரர்கள் வந்து சோறு வடித்துக் காட்டினார்களாம், எல்லோரும் கைதட்டினார்களாம். அவர்கள் வீட்டில் இரண்டு வேளையும் சோள ரொட்டி. அகலமான இரும்புக் கல்லை இந்தச் சின்ன வாயில் வைத்தால் நடு கருகும், ஓரம் வேகாது. துணியை நனைத்து ரொட்டியை அழுத்தினால் அடுப்பே சாயும். உள்ளே வைக்க விறகைச் சிறிசு சிறிசாகப் பிளக்க வேண்டும். கோடாலி எடுப்பவர்கள் எல்லாம் பட்டணத்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள்.

நான் கோழியை விரட்டிவிட்டு அடுப்பின் விளிம்பில் கையை ஊன்றிப் பார்த்தேன். ஆடியது.

அண்ணா வீட்டில் இந்த அடுப்பைச் சோதித்த நாட்களில் நானும் இருந்தேன். வெண்கலப் பானையில் சோறு, ஈயச் சொம்பில் ரசம், வாணலியில் கறி. எல்லாம் அற்புதமாக வந்தது. தெலுங்கு நாட்டிலேயே வேலை பார்த்து, இங்கேயே தலை நரைத்தவர்கள் நாங்கள். தெலுங்கு பேசுவோம், உருது புரியும். ஆனால் அடுப்பு என்றால் எங்களுக்கு அரிசிதான். ரொட்டியை வைத்து ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

சிப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. ரிப்பேர் என்று சொல்லி கம்பெனி ஆள் கழற்றிப் போனாராம், திரும்ப வரவேயில்லை. அடுத்தடுத்த வீடுகளிலும் அதே ஓட்டை. சந்தை என்றைக்கு என்று சபீனா கேட்டாள். திங்கட்கிழமை என்றார்கள்.

கிளம்பும்போது நாகம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். அடுப்பைத் திருப்பி எடுத்துப் போவதாக இருந்தால் குஞ்சு பொரித்த பிறகு வர முடியுமா என்று.

திரும்பும் வழியில் சபீனா காரை ஓட்ட, நான் ஒரு கதையைக் கட்டிக்கொண்டு வந்தேன். சனத்நகர்க்காரன் ஆள் வைத்துச் சிப்களைக் கழற்றியிருக்கிறான். தானே அவற்றைச் சுடவைத்துப் பொய்க் கணக்கு உண்டாக்கி, பிறகு தானே போன் செய்து அண்ணாவை மாட்டிவிடுகிறான்.

"அதாவது, உங்க அண்ணனைக் கெடுக்க, முதல்ல வருஷக்கணக்கா அவருக்கு நல்லது பண்ணியிருக்கான்."

"ஏத்திவிட்டுக் கவிழ்க்கறது. எத்தனையோ கேஸ் பார்த்திருக்கேன்."

"ஹவ் சார்" என்று உருதுவில் ஆமாம் போட்டுத் தலையாட்டினாள். "நீங்க சொல்றப்ப நல்லாத்தான் இருக்கு. நீங்களே நம்பிட்டா இன்னும் நல்லாயிருக்கும்."

சந்தை பற்றி ஏன் பொய் சொன்னான் என்று கிட்டுவைக் கேட்பதற்காக மறுநாள் நாச்சாரம் போனோம். தெரு விசித்திரமாக இருந்தது. லேத் சத்தம் இல்லை, வெல்டிங் பொறி இல்லை. தொழிலாளர்கள் வேப்பமர நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் அப்துல் ரஹீமின் டீக்கடையில் நின்று என்ன பந்த் என்று விசாரித்தேன்.

பந்த் இல்லை, பவர் ஹாலிடே என்றார் அவர். கரண்ட் பஞ்சத்தில் வாரம் ஒரு நாள் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் கிடையாது. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு நாள். மல்லாபூருக்கு வியாழன், சனத்நகருக்குச் சனி. நாச்சாரத்துக்குப் புதன். இந்தக் கோடையில்தான் ஆரம்பித்தார்கள்.

சபீனா டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"சார். மேதக்ல விறகு எரியறதுக்கு நாச்சாரத்துல கரண்ட் வேணுமா?"

சனத்நகராக இருந்தால் சனிக்கிழமை அணைந்திருக்க வேண்டும். நான் கட்டிய கதை அந்த டீக்கடை வாசலிலேயே செத்தது.

வாட்ச்மேன் என்னை முதலாளியின் தம்பி என்று சலாம் வைத்து உள்ளே விட்டான். அடுப்புகளுக்கு அடித்த கறுப்பு பெயிண்டைக் காயவைக்கப் பின்கட்டில் ஒரு பெரிய மின்சார ஆவன் உண்டு. அதன் தலைமேல் அலுமினியத் தட்டுகள் அடுக்கியிருந்தன. சபீனா ஸ்டூல் போட்டு ஏறி ஒன்றை இறக்கினாள். தட்டு நிறையச் சிப்கள், மாடியில் வடாம் காயப்போட்டது போல வரிசையாக. ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஊர்ப்பெயர், ஒரு பெண்ணின் பெயர்.

"காலையில ஆவன் மேல ஏத்தினா டிபன். கொஞ்ச நேரத்துல இறக்கிட்டு, சாயங்காலம் மறுபடி ஏத்தினா ராத்திரிச் சாப்பாடு" என்றாள். "மொத்த மேதக்குக்கும் இங்கதான் சமையல்."

பின்னால் கிட்டு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"நான்தான் செஞ்சேன் விசுவண்ணா. அத்திம்பேருக்கும் யாருக்கும் இதுல சம்பந்தமில்லை. என்னைப் போலீஸ்ல குடுத்துடுங்கோ."

விஜிலென்ஸில் இருந்தவனுக்கு ஒன்று தெரியும். கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறவன் வேறு யாரையோ முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறான்.

சபீனா பையிலிருந்து கோடுகளின் பிரதியை எடுத்து விரித்தாள். புதன்கிழமைகளைத் தவிர இன்னொரு இடமும் காலியாக இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு முழு வாரம், எல்லா ஊரிலும், எல்லா அடுப்பும். அந்த வாரம் என்ன ஆயிற்று என்று அவனைக் கேட்டாள். ஆவன் ரிப்பேர் என்றான்.

அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த வாரம்தான் என் மனைவி வேதாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பார்க்க வந்த கிட்டு, ஆர்டர் நெருக்குகிறது, ஆவன் ஓயாமல் ஓடுகிறது என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டான். ஆவன் ஓடியிருக்கிறது. கிட்டுவும் இங்கேதான் இருந்திருக்கிறான். தட்டை ஏற்றி இறக்க மட்டும் ஆள் இல்லை. அந்த ஆள் என் வீட்டில், என் மனைவி கண்ணுக்கு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், அந்த வாரம் யார் இங்க இல்லைன்னு கண்டுபிடிச்சாப் போதும்" என்றாள் சபீனா.

"கண்டுபிடிக்க வேண்டாம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். தணிந்த குரலில் கேட்டாள்: "புதன்கிழமை இங்க எல்லாருக்கும் லீவு விடறது உங்க அண்ணன்தானே. தினம் அந்தக் கோட்டையும் பார்க்கறாரு. அவருக்குத் தோணாமலா இருக்கும்?"

வாயை மூடு என்று அவளிடம் அதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

மாடியில் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. மஹதி கையில் வேலையில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்த தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

முதல் மாசம் சிப்களைப் படித்தபோது மொத்தமும் ஜீரோ என்றாள். அப்பாவிடம் காட்டினாள். சிப் பழுது என்றார் அவர். மாற்றினாள். மறுபடி ஜீரோ. அவளே கிராமத்துக்குப் போய்ப் பார்த்து, ரொட்டிக்கல் உட்காருகிற மாதிரி அகல வாயும் மூன்று காலும் வைத்து வேறொரு அடுப்பு வரைந்து கொண்டுவந்தாள். அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை. என் அடுப்பில் குறையில்லை, உன் கணக்கில்தான் குறை என்றார். அதற்குப் பிறகு அவளோடு சரியாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடுவதையும்.

"அவருக்கு வேண்டிய டேட்டாவைக் குடுத்தேன் சித்தப்பா. அன்னிக்கு ராத்திரி ரெண்டாந்தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

சிப்களைக் கழற்றிக்கொண்டு வந்தது கிட்டு. அக்கா பெண்ணுக்காகச் செய்தான். பொய் என்னவோ அவளுடையது.

"உனக்கும் கிட்டுவுக்கும் மட்டுமே தெரிஞ்ச விஷயம்" என்றேன். "அப்ப அந்த போன்?"

"நான்தான் பண்ணினேன்."

நான் உட்கார்ந்தேன்.

"இன்னும் அஞ்சு ஜில்லாவுக்கு அந்த வெளிநாட்டுக்காரா இதே அடுப்பைக் குடுக்கப்போறாளாம். இவ்வளவு நன்னா எரியறதேன்னு. என் கோட்டைப் பார்த்துத்தான் முடிவு பண்ணியிருக்கா. இங்கேயே நிறுத்திடலாம்னு பண்ணினேன். பேர் சொல்லத்தான் தைரியம் வரலை."

கதவருகில் அண்ணா நின்றிருந்தார். மின்சாரம் இல்லாத அறையில், விசிறி மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு. எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கத்துவார், அல்லது விழுவார் என்று நினைத்து எழுந்தேன். அவர் மெதுவாக வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்.

"புதன்கிழமைதான் அணையறதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுது விசு" என்றார். "கேட்டா இவ சொல்லிடுவா. அதனால கேட்கலை."

"பின்னே என்னை எதுக்குக் கூப்பிட்டேள்?"

"வெளியில எவனோ ஒருத்தனுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். அவன் வாயை அடைக்கலாம்னு." மகளைப் பார்த்தார். "வெளியில யாருமில்லை. நல்லதாப் போச்சு."

பிறகு மாடிப்படியில் நின்றிருந்த கிட்டுவைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் கரண்ட் வந்ததும் ஆவனைப் போடு என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாச் சிப்பும் ஊரில் அதனதன் அடுப்பில் ஏறிவிட வேண்டும். சோதனைக்காரர்கள் வரும் அன்று ஊரில் எல்லோருக்கும் அரிசி இறக்கிவிடு. ஒரு நாள் சோறு வடிப்பதில் அவர்களுக்கு என்ன கஷ்டம் என்றார். ராக்கெட்டுக்கு எரிகலன் செய்தவரின் அதே நிதானக் குரல். என் பக்கம் திரும்பி, வீட்டு விஷயம் வீட்டோடு என்றார். அது எங்கள் அப்பாவின் வாக்கியம். அதை அந்தக் காரியத்துக்கு அவர் எடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வேண்டாம் அண்ணா" என்றேன். அவரை எதிர்த்து நான் சொன்ன முதல் சொல் அது.

"அப்போ நீ என் தம்பி இல்லை."

மஹதி முகத்தை மூடிக்கொண்டாள். நான் படியிறங்கினேன்.

வெளியே சபீனா காரில் சாய்ந்து நின்றாள். கைபேசியைக் கேட்டேன், பஞ்சாரா ஹில்ஸ் ஆபீஸ் எண்ணைப் போட்டே நீட்டினாள். மறுமுனையில் ஒரு இளைஞன், மரியாதையான இங்கிலீஷில். புகார் உண்மை என்றேன். ஆவன், தட்டுகள், புதன்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். செய்தது யார் என்று கேட்டான். எங்கள் வீடு என்றேன். தனியாக ஒரு பெயர் வேண்டும் என்றான். எங்கள் வீடு என்று மறுபடியும் சொன்னேன்.

ரொட்டிக்கு ஏற்றபடி அகல வாய் வைத்த ஒரு வடிவம் இருக்கிறது, அதையாவது நீங்கள் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத குரல், சரியாக வரவில்லை. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு முறை பொய்க் கணக்குக் கொடுத்த இடத்திலிருந்து எதையும் வாங்குவதில்லை என்பது விதி என்றான். மேதக் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள், வேறு யாரும் அங்கே அடுப்பு கொடுக்கவும் வாய்ப்பில்லை என்று வருத்தத்தோடு சொன்னான். வருத்தம் உண்மையாகத்தான் இருந்தது.

சென்ற முறை பேசியவர் பெயர் சொல்லவில்லை, நீங்கள் சொல்ல விரும்புகிறீர்களா என்று கடைசியாகக் கேட்டான்.

மாடி ஜன்னலில் அண்ணா நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, அவருக்கும் கேட்கும்படி என் முழுப் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரையும் சேர்த்தே சொன்னேன்.